வெறும் வயிறு

“நாளைக்குக் காலையில என் பிள்ளைக்கு நற்கருணை கொடுக்காதீங்க, சாமி.”

கேட்டுவிட்டேன். மாலைச் செபம் முடிந்து மெழுகுவர்த்திகளை அணைக்கிற நேரம். மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த பெத்ரோனியு சாமி ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றுவிட்டார். என் கணவன் யுஸ்தின் தன் பூட்ஸைப் பார்த்தான். எங்கள் மகள் இலிங்கா அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஊரார் மாடுகளைக் கறந்து என்னைப் படிக்க வைத்த என் அம்மா எனக்கு வைத்த விதிகள் கொஞ்சம்தான். அதில் முதல் விதி, கிண்ணத்தோடு நிற்கிற சாமியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூடாது. பிள்ளை அழலாம், திமிறலாம், காய்ச்சலில் கிடக்கலாம். அதன் வாயைத் திறந்து காட்டுவது தாயின் வேலை. எங்கள் ஆர்த்தடாக்ஸ் சபையில் கைக்குழந்தைக்கே கொடுத்துவிடுவார்கள், திராட்சை ரசத்தில் ஊறிய அப்பத்தைக் கரண்டியில் எடுத்து.

“மறுக்கலை சாமி. நாளைக்கு அவளுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ராத்திரியிலிருந்து வயித்துல ஒரு பருக்கை இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. முடிஞ்சதும் கொடுங்க. நானே வாயைத் திறந்து காட்டுறேன்.”

சின்ன ஆபரேஷன்தான். இடுப்பு மடிப்பில் ஒரு கட்டி. அழுதால் துருத்தும், படுத்தால் உள்ளே போய்விடும். போன வாரம் உள்ளே போக மறுத்தது. பிள்ளை பச்சையாக வாந்தி எடுத்தாள். டாக்டர் கையால் அமுக்கி அனுப்பிவிட்டு, “இன்னொரு தடவை மாட்டினா குடல் செத்துடும். தள்ளிப் போடாதீங்க,” என்றார். அதற்குப் பிறகு அவள் இருமினால்கூட என் கை அவள் இடுப்புக்குப் போனது.

சாமி தலையாட்டினார். “சரிம்மா. வார்டுக்கே கொண்டு வர்றேன்.”

அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பின்னால் ஸ்தெலியானா அம்மா நின்றிருந்தார்.

ஞானஸ்நானத்தில் இலிங்காவைக் கையில் ஏந்திய ஞானத்தாய் அவர். எங்கள் கல்யாணத்துக்கும் அவர்தான் முன்நின்றார். யுஸ்தினுக்கு வன அலுவலகத்தில் வேலை அவர் சொல்லித்தான் கிடைத்தது, நாங்கள் குடியிருப்பதும் அவருடைய வீட்டு மாடியில். அதனால் அவரை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். பெற்றவளைக்கூட நான் அவ்வளவு தடவை கூப்பிட்டதில்லை. பிள்ளையைக் கிண்ணத்துக்கு ஏந்திப் போகிற உரிமையும் ஞானத்தாயுடையது. அந்த உரிமையில் நான் கை வைத்துவிட்டேன்.

“பட்டம் வாங்கினவளுக்கு ஆண்டவரோட உடம்பு தீனியாத் தெரியுது,” என்றார், கோவிலே கேட்கும்படி. “வெறும் வயித்துலதானே வாங்குறோம்? வாங்கின அப்புறமும் அது வெறும் வயிறுதான்டி. நாலெழுத்து படிச்சா சாமிக்கே பாடம் எடுக்கலாமா?”

“பாடம் எடுக்கலைம்மா. நேரத்தை மாத்தித்தான் கேக்குறேன்.”

“பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கிறவதானே நீ? அதைப் பாரு.”

ஆமாம், பால் பண்ணை ஆய்வகத்தில்தான் வேலை. எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதை ஒரு குற்றம்போல அவர் எத்தனையோ முறை எடுத்து நீட்டியிருக்கிறார். அன்று பிள்ளையை வாங்கிக்கொண்டு நடந்தேன். சாமி சரி என்றுவிட்டார், அது போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும் முன்னே நான் பையோடு கிளம்பினேன். மாவட்ட ஆஸ்பத்திரியில் தாய் முன்னால் போய் நின்றால்தான் குழந்தைகள் வார்டில் கட்டில். பிள்ளை இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று யுஸ்தினிடம் விட்டேன். ஸ்தெலியானா அம்மாவின் காரில் கூட்டி வருவதாக ஏற்பாடு. “தண்ணிகூட வேண்டாம்,” என்றேன் வாசலில். “தெரியும் லோரெ, போ,” என்றான். என் முழுப் பெயர் லோரெதானா. கொஞ்சும்போதும் மறைக்கும்போதும் அவனுக்கு நான் லோரெ.

மூவரும் வந்தார்கள். இலிங்கா ஞாயிற்றுக்கிழமைக் கவுன் போட்டிருந்தாள். ஆபரேஷனுக்கு எதற்குப் பட்டுக் காலர் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அதற்குள் மயக்க டாக்டர் வந்துவிட்டார். நரைத்த தலை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, குரலில் அவசரம்.

“ஏதாவது சாப்பிட்டாளா? குடிச்சாளா?”

“ராத்திரிக்கு அப்புறம் ஒண்ணும் இல்லை டாக்டர்,” என்றான் யுஸ்தின்.

ஸ்தெலியானா அம்மாவும் தலையை ஆட்டினார்.

“பசிக்குதா, பாப்பா?”

இலிங்கா கட்டிலில் உட்கார்ந்து காலுறையை இழுத்துக்கொண்டிருந்தாள். “இல்லை. சாமி கரண்டியில கொடுத்தார். இனிப்பு. அப்புறம் ஸ்தெலியானா பாட்டி ரொட்டி கொடுத்தாங்க.” இரண்டு விரல்களைக் காட்டினாள். “ரெண்டு!”

எனக்குக் காது அடைத்துவிட்டது. கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். நான் பேருந்தில் உட்கார்ந்து அவளுக்காக வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

“என்ன ரொட்டி?” டாக்டரின் பேனா நின்றது.

“ரொட்டி இல்லை!” என்றார் ஸ்தெலியானா அம்மா. “நற்கருணைக்கு அப்புறம் கொடுக்கிற மந்திரிச்ச அப்பம். சின்னத் துண்டு. பசிக்குதுன்னு அழுதா, பச்சைப் பிள்ளை. கல்லா நானு?”

“அப்ப சாப்பிட்டிருக்கா.”

“சாப்பிடலை. வாங்கியிருக்கா.”

பக்கத்துக் கட்டில்காரி தன் மகனுக்குச் சட்டை மாட்டுவதை நிறுத்திவிட்டு, “அது சாப்பாட்டுல சேராதுங்க,” என்றாள். எதிர்க் கட்டிலில் ஒரு தகப்பன், “கரண்டி சேராது, ரொட்டி சேரும்,” என்றார். வார்டே மறைக்கல்வி வகுப்பாகிவிட்டது.

டாக்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பிறகு யுஸ்தினைப் பார்த்தார். “நானும் நற்கருணை வாங்குறவதான். ஆனா மயக்கம் கொடுத்தா வயித்துல இருக்கிறது மேல ஏறி நுரையீரலுக்குப் போகலாம். அது மந்திரிச்சதா, கடையில வாங்கினதான்னு நுரையீரல் கேக்காது. பிள்ளை சொல்லலைன்னா நான் இப்ப ஊசி போட்டிருப்பேன், புரியுதா?”

அவன் புரிந்தமாதிரி தலையாட்டினான்.

“இப்ப முடியாது. சர்ஜன் ஒத்துக்கிட்டா சாயங்காலம் கடைசியா எடுக்கலாம். அவர் கிளம்பிட்டார்னா அடுத்த மாசம்தான்.” போய்விட்டார்.

“பார்த்தியா?” ஸ்தெலியானா அம்மா என் கையைப் பிடித்தார். “ஆண்டவரே தடுத்துட்டார். வா, மடத்துக்குக் கூட்டிப் போவோம். எண்ணெய் பூசி வேண்டிக்கிட்டா இந்தக் கட்டியெல்லாம் கரையும்.”

“ஆண்டவர் தடுக்கலை. நீங்க தடுத்தீங்க.”

“லோரெ!” என்றான் யுஸ்தின். “அடுத்த மாசம் பார்த்துக்கலாம். இப்ப வீட்டுக்குப் போகலாம்.”

“அதுக்குள்ள குடல் மாட்டினா? மடத்துல வெட்டுவாங்களா?”

“குதர்க்கம் பேசாதே. நல்லதுதானே பண்ணினாங்க.”

“அம்மா, ஒண்ணு கேக்குறேன்,” என்றேன் அவரிடம். “கிறிஸ்து நம்ம மாதிரி உடம்பு எடுத்தாரா இல்லையா? அந்த உடம்புக்கு வயிறு இருந்துச்சா இல்லையா? அவருக்குப் பசிச்சதுன்னு வேதத்துலயே இருக்கு. அப்படிப்பட்டவர்கிட்ட வயித்தைப் பத்திப் பேச நீங்க ஏன் வெட்கப்படுறீங்க?”

அவர் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். யுஸ்தினைக் கூட்டிக்கொண்டு வெளியே காருக்குப் போனார். அவன் போனான்.

இலிங்காவைத் தூக்கிக்கொண்டே போய்ச் சர்ஜனை அறுவை அறை வாசலில் பிடித்தேன். பெரிய மீசை, கையில் பாதி தின்ற ஆப்பிள்.

“டாக்டர், என் பிள்ளைக்காக இன்னிக்கு இருங்க.”

“எனக்கும் வீடு வாசல் இருக்கும்மா.”

“இருக்கட்டும் டாக்டர். என் பிள்ளைக்கு இருக்கிறது ஒரே குடல்.”

அவர் ஆப்பிளை மென்றபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ நகரமாட்டே போல.”

“மாட்டேன்.”

“சரி, கடைசி. அதுவரைக்கும் அவ வாயில எதுவும் போகக் கூடாது. வானத்துலேருந்து வந்தாலும் சரி.”

அதன் பிறகு காத்திருப்பு. இலிங்காவுக்கு உண்மையாகவே பசித்தது. அழுதாள், என் முடியைப் பிடித்து இழுத்தாள், “கெட்ட அம்மா” என்றாள். கட்டி துருத்துகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி அவளைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். எனக்குத் தெரிந்த செபமெல்லாம் அவள் காதில் சொன்னேன், பாட்டாக, கதையாக. கடவுள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று முழுக்க என் பக்கம் நின்றது அவர் ஒருவர்தான்.

சாமிமேல் இருந்தது. அவள் தூங்கியதும் போனில் கூப்பிட்டேன்.

“சரின்னு சொன்னீங்களே சாமி?”

“மகளே, டாக்டர் ஒத்துக்கிட்டாங்க, நீயும் சம்மதிச்சுட்டேன்னு உன் புருஷன்தான் சொன்னான். ரெண்டு தடவை கேட்டேன். தெரிஞ்சிருந்தா நற்கருணைப் பேழையையே திறந்திருக்க மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் இங்க முழங்கால்ல இருக்கேன்.”

ஸ்தெலியானா அம்மா சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கூப்பிட்டார்கள். யுஸ்தின் திரும்பி வந்திருந்தான். கண் சிவந்திருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகையில் என் தோளைப் பிடித்தான். “ஒருவேளை எழுந்திருக்கலைன்னா, லோரெ? நற்கருணை இல்லாம வெறுங்கையோட எப்படி அனுப்புறதுன்னுதான்...”

அவன் பயம் பொய்யில்லை. எனக்கும் அதே பயம்தான். ஆனால் என் பயத்தை நான் பிள்ளையின் தொண்டைக்குள் திணிக்கவில்லை. கதவு மூடியதும் இருவரும் சுவரில் சாய்ந்து நின்றோம், நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு.

மீசைக்கார சர்ஜன் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தார். “முடிஞ்சது. நல்லா இருக்கா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வேற கதை.” சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதேன். யுஸ்தின் மண்டியிட்டுத் தரையைத் தொட்டுக் கும்பிட்டான்.

இலிங்கா கண் விழித்துத் தண்ணீர் கேட்டுக் குடித்து மறுபடி தூங்கினாள். அப்போதுதான் கேட்டேன்.

“சாமிகிட்டப் பொய் சொன்னே. சரி, விடு. டாக்டர் நேருக்கு நேர் கேட்டப்ப ஏன் சொல்லலை?”

“அது சாப்பாடு இல்லைன்னுதான்...”

“ரெண்டு துண்டு ரொட்டி யுஸ்தின்.”

அவன் போர்வையை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினான்.

“இன்னொரு தடவை இப்படி வந்தா? அந்தம்மா ஒண்ணு சொல்றாங்க, நான் ஒண்ணு சொல்றேன். டாக்டர் கேக்குறாங்க. என்ன சொல்லுவே?”

ஜன்னலைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். “அவங்களை மீற முடியாது லோரெ. அவங்க இல்லைன்னா நாம ஏது?” பிறகு மெதுவாக, “ஒண்ணும் ஆகலைதானே,” என்றான்.

கோபத்தில் கத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவன் அமைதியாக, யோசித்து, உண்மையைச் சொன்னான். தாழ்வாரத்துக்குப் போய்ப் பால் பண்ணை மேலாளருக்குப் போன் போட்டேன். பண்ணைக்குப் பின்னால் பணியாளர் அறை ஒன்று காலியாக இருந்தது. அடுப்பு புகையும் என்றார். பரவாயில்லை என்றேன்.

மறுநாள் டிஸ்சார்ஜ். ஸ்தெலியானா அம்மா பூவோடும் டாக்டருக்கு ஒரு கேக்கோடும் வந்தார். வார்டு முழுக்கக் கேட்க, “நற்கருணையோட போனா, அதான் பூப்போல முடிஞ்சது. எல்லாம் ஆண்டவர் செயல்,” என்றார். வீட்டில் முட்டைக்கோஸ் சுருளும் மக்காச்சோளக் களியும் தயாராம். உறவெல்லாம் வருகிறார்களாம். பிறகு மோதிரக் கையை என் முன்னால் நீட்டினார், நான் முத்தமிட. மன்னிப்புக் கேட்கிற முறை அது.

“கொடுத்துடு லோரெ,” என்றான் யுஸ்தின் தணிந்த குரலில். “ஒரு நிமிஷம். முடிஞ்சுடும். கார் வெளியே நிக்குது.”

“பிள்ளைமேல உங்களுக்குப் பாசம் இருக்கு, எனக்குத் தெரியும்மா,” என்றேன். “பசிச்சு அழுதான்னு கொடுத்தீங்க. ஆனா கேட்டப்ப மறைச்சீங்க. பாசம் இருக்கட்டும். மறைக்கிறவங்க கையில என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்.”

“வாடகை வீட்டுல உட்கார்ந்துக்கிட்டுப் பேசுற பேச்சா இது!”

“இனிமே இல்லைம்மா. வீட்டுச் சாவி இந்தக் கட்டில் மேஜை மேல இருக்கு.”

யுஸ்தின் என் பக்கம் ஒரு அடி வைத்தான். அவர் இருமினார். அவன் நின்றான்.

பையைத் தோளில் மாட்டினேன். தையல் இழுக்காதபடி இலிங்காவைப் பக்கவாட்டில் ஏந்திக்கொண்டேன். அவள் தன் அப்பாவுக்குக் கையசைத்தாள். அவனும் அசைத்தான். கார் நிற்கிற வாசலை விட்டு, மறுபக்கக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, மினி பஸ் நிற்கிற சாலைக்கு இறங்கி நடந்தேன்.