சட்டென்று ஏறும் கோடு

என் அண்ணன் மண்டையில் எதையாவது ஏற்ற வேண்டுமென்றால் அடித்துத்தான் ஏற்ற வேண்டும். அன்றைக்கு ஸ்பானரால் ஏற்றினேன்.

சாயப்பட்டறையின் கொதிகலன் அறையில் நாங்கள் இருவரும்தான் வேலை. பழைய கொதிகலன் ஒன்று, புதியது ஒன்று. ஆவியை வெளியேற்ற இரண்டுக்கும் ஒரே குழாய். ஒன்றைத் திறந்துவிட்டால் அது முழுக்க வடியும்வரை மற்றதைத் திறக்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்போம். பத்தாவது கட்டத்தில் சிவப்புக் கோடு. அதைத் தொட்டால் வெடிக்கும்.

புதியதன் பின்னால், கத்தினாலும் காது கேட்காத குழிக்குள், என் வீட்டுக்காரர் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார்.

பழையது ஆறில் தொடங்கி, புள்ளிக்குக் கால் கட்டமாக ஊர்ந்தது. புதியது ஒன்றில்தான் தொடங்கியது. ஆனால் புள்ளிக்கு ஒரு முழுக் கட்டம் ஏறியது. ஐந்தாவது புள்ளியில் பழையது ஏழுக்கு மேல், புதியது ஆறு. உயரத்தில் இருந்த கோட்டைப் பார்த்து மிரண்டுபோன அண்ணன், பழையதைத் திறக்கப் போனான்.

புதியதன் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து நீட்டிக் காட்டினேன். "புதுசைத் திற. இன்னும் நாலு புள்ளியில சிவப்பைத் தொட்டுடும்."

"கீழதானே கிடக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எங்க ஆரம்பிச்சுதுன்னு பாக்காதண்ணே, சாய்வைப் பாரு. அவரு உள்ள இருக்காரு."

"புருஷன்னதும் புத்தி கெட்டுப்போச்சு உனக்கு." ஓங்கி அறைந்தான். உதடு கிழிந்தது.

பத்து நிமிடத்தில் வாய்ச்சண்டை கைச்சண்டையானது. அவன் பழையதன் வால்வுச் சக்கரத்தைப் பிடித்ததும் ஸ்பானரால் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மற்றொரு கையால் என் முடியைப் பிடித்துச் சூடான குழாயில் மோதினான். காது வெந்தது. முழங்காலில் ஒரு போடு போட்டேன். சுருண்டு விழுந்தான். புதியதைத் திறந்தேன்.

ஆவி அலறிக்கொண்டு வெளியேறியது. அப்போதுதான் அழுத்தமானிகளின் முட்களைப் பார்த்தோம். புதியது எட்டில் இருந்தது. பழையது எட்டைக்கூடத் தொடவில்லை.

குழிக்குள்ளும் கேட்ட அந்த அலறலில் வெளியே வந்த வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணனை மிதிக்கக் காலைத் தூக்கினார்.

"மிதிச்சீங்கன்னா உங்க காலையும் ஒடிப்பேன். அவன் என் அண்ணன்."

அண்ணன் முறிந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கட்டத்தாளை வெகுநேரம் பார்த்தான்.

"இதுல நீ எந்தக் கோடுடி?"

"புதுசு."

அடிபடாத காலை என் ஸ்பானருக்கு எட்டாமல் மெல்ல இழுத்துக்கொண்டான்.