முதுகில் எழுதிய எழுத்து

கணவர் மேசைமேல் பரப்பி வைத்த மருந்துப் பெட்டிகளில் ஒன்றுகூடத் தப்பாமல் அவள் சொல்லிவிட்டாள். நீலக் கோடு போட்டது சர்க்கரைக்கு. ஒல்லியான வெள்ளை ரத்தக் கொதிப்புக்கு. மூலையில் மஞ்சள் இருந்தால் வயிற்றெரிச்சல்.

"அவ்வளவுதான்! திங்கட்கிழமை நீ கடைக்கு வரே," என்றார் அவர். அவளுக்கு மூளையில் ரத்தம் கட்டியபோதுகூட அழாத மனிதர், பெட்டிகளைப் பையில் போடும்போது மூக்கை உறிஞ்சினார். இருவருமாக நடத்திய மருந்துக்கடையை இத்தனை நாளாக ஒற்றை ஆளாய் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கிளம்பிப் போனார். ஒரு பெட்டியையும் அவள் படித்திருக்கவில்லை. கைப்பழக்கம், நிறம், உருவம், அவ்வளவுதான். பேச்சு திரும்பிவிட்டது. கை கால் திரும்பிவிட்டது. எழுதக்கூட வந்தது, எழுதி முடித்ததைப் படிக்கத்தான் வரவில்லை. தெருவில் எதிரே வந்து சிரிப்பவரை எங்கோ பார்த்திருக்கிறோம், யாரென்று பிடிபடவில்லை என்று விழிப்போமே, ஒவ்வொரு எழுத்தின் முன்னாலும் அவள் அப்படித்தான் நின்றாள். நாளைக்கு எவனாவது பெட்டியின் நிறத்தை மாற்றிவிட்டால்? யார் வீட்டுக் குழந்தைக்கோ எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டால்?

"அண்ணி, இதைக் கொஞ்சம் சொல்லுங்க."

நாத்தனார் கதவோரம் நின்றிருந்தாள். அண்ணன் பெட்டிகளைப் பரப்பியதிலிருந்தே அங்கே நின்று பார்த்திருக்கிறாள். தலைமுடி திருத்தும் கடை அவளுடையது. மதியம் கடையை அடைத்துவிட்டு அண்ணிக்குத் துணையாக வந்து உட்காருவாள். மேசையில் விட்டுப்போன ஒரு பெட்டியை நீட்டினாள். நிறம் முழுவதையும் உள்ளங்கை மூடியிருந்தது. பெயர் மட்டும் வெளியே தெரிந்தது.

அவள் நாத்தனாரின் விரல்களை விலக்கப் பார்த்தாள்.

"அதானே பார்த்தேன். சீட்டாட்டத்துல ஏமாத்துறவளுக்குத்தான் இன்னொரு ஏமாத்துக்காரியைத் தெரியும்."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதடி."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்கதான் சொல்லணும். இப்ப திரும்பி உட்காருங்க, தலை சிக்கா இருக்கு."

இது அவர்களுடைய மதிய விளையாட்டு. சிக்கெடுத்து முடித்ததும் நாத்தனார் அவள் முதுகில் விரலால் ஓர் எழுத்தை எழுதுவாள். எது என்று அவள் சொல்ல வேண்டும். ஆச்சரியம், அது மட்டும் தப்பாது. கண்ணுக்குப் பிடிபடாதது தோலுக்குப் பிடிபட்டது. கண்ணால் பார்க்கும் எழுத்தைத் தன் விரலால் தொடையில் எழுதிப் பார்த்தாலும் சில சமயம் பெயர் வந்து நிற்கும். "மூளையில ஒரு வழி அடைச்சுக்கிட்டா அது வேற வழி தேடும். பரீட்சையா வைக்காதீங்க, விளையாடுங்க. பயந்தா தேடாது," என்று ஆஸ்பத்திரியில் படிக்கப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னபோது, ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றே இவள் நினைத்தாள்.

அன்றைக்குத் துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயம். தினமும் நாத்தனார்தான் வாசிப்பாள். கொலை செய்தது டாக்டர் என்பது இவள் கட்சி, மைத்துனன் என்பது நாத்தனார் கட்சி. தோற்றவள் ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

"...எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். துப்பறிபவர் மெல்லத் திரும்பினார். கொலைகாரன் இந்த மைத்துனன்தான், என்றார்!"

நாத்தனாரின் உதட்டோரம் துடித்தது. சீட்டை மடியில் ஒளிக்கும்போது துடிக்குமே, அதே துடிப்பு.

"பொய்! கொடுடி இங்கே!"

புத்தகத்தைப் பிடுங்கினாள். எந்த வரி என்று தேடினாள். ஆத்திரத்தில் பயப்பட மறந்துபோயிற்று. விரல் தானாகத் தொடையில் ஓடியது. தோ... ட்... ட... க்... கா...

"தோட்டக்காரன்! அடிப்பாவி, மைத்துனனாம் மைத்துனன்! டாக்டரும் இல்ல, தோட்டக்காரன்டி! ரெண்டு பேரும் தோத்தோம்!"

நாத்தனார் சிரிக்கவில்லை. "அண்ணி," என்றாள். "நீங்க படிச்சீங்க."

அவள் மறுபடி வரியைப் பார்த்தாள். முதலில் இருந்து, மெதுவாக. இருட்டில் சுவரைத் தடவி நடப்பது போலத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சுவர் எங்கோ கொண்டுபோய் விட்டது. ஒரு சொல். அதற்குப் பின்னால் இன்னொன்று. நெஞ்சில் இத்தனை நாள் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அவர் இரவுச் சாப்பாட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். "திங்கட்கிழமை வேண்டாங்க. மத்தியானம் நான் ஒரு பெட்டியும் படிக்கல. நிறத்தைப் பார்த்துச் சொன்னேன்."

அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். "அப்போ... இன்னும்..."

"முழுசா வர இன்னும் நாளாகும். இதைக் கேளுங்க."

விரல் தொடையில் எழுத எழுத, அந்த வரியைப் படித்துக் காட்டினாள். வழக்கமாக அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்கிறவர் வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அவள் நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஏம்மா," என்றார், "நான் அந்தக் கதையில பாதிதான் படிச்சிருக்கேன். கொலைகாரனைச் சொல்லிட்டியே!"

உள்ளே நாத்தனார் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.