கண்ணாடி வெளித்த நேரம்

கலியாணம் முடிந்த கையோடு இஹ்ஸான் மருதமுனையில் பெண் வீட்டோடு வந்துவிட்டான். அந்தப் பக்கத்து வழமை அது. மாமியார் கோழிக்காலாகத் தேடித் தேடி அவன் சோற்றுக் கோப்பையில் வைப்பார். கல்முனையில் புடவைக்கடை நடத்துகிறவன், வருகிற சனத்தோடு வாய் ஓயாமல் கதைக்கிறவன், மனைவி அஸ்னாவைக் கண்டால் மட்டும் "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நின்றுவிடுவான். அவள் "ஓம்" என்பாள். அவ்வளவுதான்.

பொத்துவிலில் இருந்த, அவன் ராத்தா என்று கூப்பிடுகிற அக்கா, புதுச்சோடியை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். நல்ல மாரி மழை. அக்கரைப்பற்றில் பழம் வாங்கிக்கொண்டு ஓடிவந்து காரில் ஏறுவதற்குள் இருவரும் தெப்பமாகிவிட்டார்கள்.

ஏசிக் காற்று நேரே அஸ்னாவின் முகத்தில் அடித்தது. அவள் ஷோலை இழுத்து மூடுவதைக் கண்ட இஹ்ஸான் ஏசியை நிறுத்தினான். வெளிக்காற்றும் அவளைக் குளிர்த்தக் கூடாதென்று, அதை அடைக்கிற பிடியையும் தள்ளிவிட்டான்.

திருக்கோவில் கழிந்ததும் கண்ணாடி வெளுத்தது. இரண்டு பேரின் மூச்சும் ஈர உடுப்பின் ஆவியும் போக வழியில்லாமல் அதிலேயே படிந்தன. வயலும் தென்னையும் கரைந்து பாலுக்குள் போயின. கார் ஓடுகிறதா, மிதக்கிறதா என்று தெரியவில்லை. சட்டைப்பையில் இருந்த லேஞ்சியால் துடைத்தான், துடைத்த இடம் மறுபடி மூடிக்கொண்டது.

கோமாரிக்குக் கிட்ட வரும்போது அஸ்னா சொன்னாள்: "கொஞ்சம் நிப்பாட்டுங்க."

அவன் எஞ்சினை அணைக்காமல் ஓரங்கட்டினான்.

"இந்தக் குமிழெல்லாம் நான் திருப்பிப் பார்க்கட்டா? பண்டாரவளையில படிப்பிச்ச நேரம் எங்கட வேன் றைவர் மூடுபனிக்குள்ள இப்பிடித்தான் செய்வார்."

அடைத்த பிடியைத் திறந்தாள். காற்று போகும் பக்கத்தை முன்கண்ணாடிக்குத் திருப்பினாள். விசிறியைக் கூட்டினாள். ஏசியைப் போட்டாள். பிறகு நீலத்தில் கிடந்த குமிழைச் சிவப்புக்குக் கொண்டுபோனாள்.

"ஏசியும் போட்டு, சூடுமா?"

"ஓம். ஏசி காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துப்போடும். காய்ஞ்ச காத்து சூடாப் போய் கண்ணாடியில பட்டா, இந்த வெள்ளை விட்டிரும்."

"அந்தச் சிவப்பைச் சும்மா வடிவுக்குக் கீறியிருக்கிறாங்க எண்டுதான் நான் நினைச்சன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் அன்றுதான் கேட்டான்.

கண்ணாடி கீழிருந்து மெல்ல வெளித்துத் தெளிந்தது. முதலில் நனைந்த தார். பிறகு சாம்பல் நிறத்தில் நாலு கால். அதற்கும் மேலே, மழை வழியும் பெரிய வயிறு.

நடுறோட்டில், காரை ஒட்டினாற்போல், ஒரு யானை நின்றது.

"அல்லாஹ்வே" என்றான், சத்தமே வராமல். இன்னும் கொஞ்சம் உருட்டியிருந்தால் அதன் காலில்தான் போய் முட்டியிருப்பான். அஸ்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். யானை காதை அசைத்தது. இவர்களைப் பார்த்ததா, மழையைத்தான் பார்த்ததா, யாருக்குத் தெரியும்? வந்த அலுவல் முடிந்தது போல, ஓசையே இல்லாமல் ஓரத்துப் பற்றைக்காட்டுக்குள் இறங்கியது. புல் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது.

காருக்குள் இளஞ்சூடு பரவியது.

"எனக்கு உங்களோட கதைக்கப் பயம்" என்றான் இஹ்ஸான்.

"யானையை விடவா?"

"ஓம்."

பிடித்த கையை அவள் விடவில்லை.

பொத்துவிலில் ராத்தா குடையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "எங்கடா போன நீங்க, சோறும் ஆறிட்டு?" என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள்.