பேந்து ஊத்து

புக்கிட் மெர்தாஜாமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க அலுவலகத்தில் பரமநாதன் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். பினாங்குத் தீவுக்கு அக்கரையில் கிடக்கும் அந்த நெல் சமவெளியில் எந்த நாள் எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பதினொரு ஆண்டுகளாக எழுதி வந்தார். தை, மாசியில் நிலம் வெடிக்கும். சித்திரையில் பிற்பகல்தோறும் இடி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விடாது. இது அங்கே நாற்று நடுகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அவர்கள் அதைக் கால் விரலால் தெரிந்து வைத்திருந்தார்கள். பரமநாதன் கட்டம் போட்ட பதிவேட்டில் வைத்திருந்தார். நாலாயிரத்துச் சொச்சம் கட்டங்கள். ஒன்றுகூடக் காலி இல்லை. தினமும் திருநீறு பூசும்போது அதற்காகவும் சிவனுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்வார்.

மழையை அளப்பதற்கு அலுவலகப் புல்தரையில் செம்புப் புனல் பொருத்திய ஒரு தகரக் குவளை இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரரான பரமநாதன் அதைப் பேணி என்பார். காலை எட்டு மணிக்குப் பேணியில் இருப்பதை அளக்க வேண்டும், எழுத வேண்டும், பிறகு கொட்டிவிட வேண்டும். இந்த வேலையை அவர் ஒருநாளும் வேறு ஆளிடம் விட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலில், ஐப்பசி மாதம், பருவநிலை அறிக்கை எழுத அவரை மூன்று வாரம் ஜார்ஜ் டவுன் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். தோட்டக்காரன் நல்லமுத்துவுக்கு எண்கள் எழுத வரும். பரமநாதன் அவனைப் பேணியின் முன் நிறுத்தினார்.

"காலமை எட்டு மணிக்கு அளந்து எழுது. பேந்து ஊத்து. விளங்குதோ?"

"வெளங்குதுங்க கிராணி ஐயா."

நல்லமுத்து நல்லவன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைக் கேட்க மாட்டான்.

ரயில் தபாலில் தினமும் ஒரு துண்டுச் சீட்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்தது. முதல் நாள் மழை, பூஜ்யம். இரண்டாம் நாள் பூஜ்யம். ஒரு வாரம் பூஜ்யம். ஜார்ஜ் டவுனில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சன்னல் வழியே பார்த்தால் அக்கரை வானம் அடுப்புச் சட்டியின் அடிபோல இருந்தது. ஆனாலும் மேகத்தைக் கட்டத்தில் எழுத முடியாது. இடையில் இரண்டு மைல் கடல் இருக்கிறது, மழை அதைத் தாண்டாமல் இருந்திருக்கலாம் என்று பரமநாதன் தீர்மானித்தார். 'சமவெளியில் இவ்வாண்டு ஐப்பசி வழக்கத்துக்கு மாறாக வறண்டுள்ளது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

பதினாறாம் நாள், புதன்கிழமை, சலேஹா என்ற விதவை ஒருத்தி ஒரு மனுவோடு வந்தாள். தகப்பன் சூலியா தெருவில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம், தாய் மலாய்க்காரி. அக்கரையில் மூன்று ரெலோங், ஏக்கர் கணக்கில் இரண்டுக்குச் சற்று மேல், வயல் அவளுக்கு. நட்ட நாற்றெல்லாம் வெள்ளத்தில் அழுகிவிட்டது. மறு நடவுக்குக் குறுகிய காலத்து விதைநெல் அரசாங்கம் தரும். வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடிவிடுவார்கள். பதினாலு குடும்பத்தின் கைநாட்டு மனுவில் இருந்தது. அதன்மீது குறிப்பு எழுதும் வேலை பரமநாதனுடையது.

"அம்மா, பதினாறு நாளாய் ஒரு துளி மழை இல்லை எண்டு பதிவு சொல்லுது."

சலேஹா தன் சாரோங்கைக் குனிந்து பார்த்தாள். முழங்கால் வரை சேறு.

"அப்போ இது என்னா கிராணியாரே? உங்க மை கொட்டிடுச்சா?"

"நான் பதிவைத்தான் பார்க்க ஏலும்."

"அந்தப் பதிவைக் கொண்டாங்க லா. எங்க வயல்ல விரிச்சுப் போடுவோம். அவ்வளவு காஞ்சு கெடக்குதுன்னா தண்ணியை உறிஞ்சிடும்."

பக்கத்து மேசையில் தலைமைக் கிராணி சந்திரசேகரன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

பரமநாதன் பொய் எழுதாதவர். அதனால்தான் அவருக்கு இப்போது சங்கடமாக இருந்தது. அரைநாள் விடுப்புச் சொல்லி, அவளோடு படகேறி, அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயில் பிடித்தார். ரயிலின் இருபுறமும் தண்ணீர். வரப்புகள் தெரியவில்லை. வறண்ட சமவெளியில் ஒருவன் தோணி வலித்துக்கொண்டு போனான். சலேஹா சாரோங்கில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு வந்தாள்.

அலுவலகத்தை அடைந்தபோது மழை வலுத்தது. நல்லமுத்து தலையில் கோணிச்சாக்கோடு புல்தரைக்கு ஓடினான். பேணியை எடுத்தான், கவிழ்த்தான், துண்டால் துடைத்தான், திரும்ப வைத்தான்.

"நல்லமுத்து! என்ன செய்யிறாய்?"

"ஐயா வந்துட்டீங்களா! ஒருவேளையும் விடலைங்க. பேஞ்ச ஒடனே ஊத்திடறேன். ராத்திரியும் எந்திரிச்சிடுவேன்."

"ஆர் ஊத்தச் சொன்னது?"

"நீங்கதானுங்களே! பேஞ்சு ஊத்துன்னீங்க."

"பேந்து எண்டனான்! பேந்து! அளந்தாப் பிறகு!"

நல்லமுத்து யோசித்தான். "எங்க ஊர்ல மழை பேஞ்சதுன்னுவோம். உங்க ஊர்ல அதைத்தான் பேந்துன்னு சொல்றாங்களாக்கும்னு நெனச்சேன். பேஞ்சதை ஊத்திட்டா எதை அளக்கறதுன்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. துரை ஆபீசு வேலை, நமக்கு எதுக்குக் கேள்வின்னு விட்டுட்டேன்."

அவன் கண்கள் காய்ச்சலில் சிவந்திருந்தன. பதினாறு நாள் நனைந்த காய்ச்சல்.

பரமநாதன் பதிவேட்டின் முன் உட்கார்ந்தார். பூஜ்யங்களை அப்படியே விட்டால் பதினொரு வருடமும் குறையில்லாமல் நிற்கும். பதினாலு குடும்பத்துக்கு விதைநெல் வராது. அடித்தால் பதினாறு கட்டம் காலி. தோட்டக்காரனின் தவறு என்று எழுதினால் தன் பெயர் கெடாது. அவன் வேலை போகும். பேனா வெகுநேரம் மைக்கூட்டிலேயே நின்றது.

பிறகு, அவர் மொழியில் சொன்னால் பேந்து, பதினாறு பூஜ்யங்களையும் அளவுகோல் வைத்து நேராக அடித்தார். ஓரத்தில் எழுதினார்: 'அளக்கப்படவில்லை. தவறு உத்தரவு கொடுத்தவரின் சொல்லில், கேட்டவரிடம் அல்ல.' தன் கோட்டைக் கழற்றி நல்லமுத்துவின் தோளில் போட்டார்.

"ஆனால் எத்தனை அங்குலம் எண்டு கேப்பினமே" என்றார்.

"வெள்ளம் ஏறாத எங்க வீட்டு மேட்டுல மண்ணெண்ணெய் டின் ஒண்ணு பாதி பொதைச்சு வெச்சிருக்கேன்," என்றாள் சலேஹா. "மேல வெட்டினது. வாத்துக்குத் தண்ணி வெக்க. மழை பிடிச்ச அன்னிக்குத்தான் கழுவி வெச்சேன். அதை யாரும் ஊத்தலை."

மூவரும் இடுப்பளவு தண்ணீரில் போனார்கள். பரமநாதன் அளவுகோலை விட்டுப் பார்த்தார். பதினொன்றே கால் அங்குலம். வாத்துகள் சற்று விலகி நின்று அனுமதித்தன.

மறுநாள் மனுவின்மீது அவர் எழுதிய குறிப்பு இது: 'வெள்ளம் உண்மை. நேரில் பார்த்தேன். மழை பதினொன்றே கால் அங்குலம், வாத்துகள் குடித்தது நீங்கலாக. முன்பு நான் எழுதிய வறட்சி தவறு.'

வெள்ளிக்கிழமை மதியம் பட்டியலில் பதினாலு பெயரும் ஏறின. அடுத்த வாரம் விதைநெல் மூட்டைகள் படகில் வந்தன. நல்லமுத்து காய்ச்சல் விட்டு எழுந்து மூட்டை இறக்கப் போனான், யாரும் சொல்லாமலே.

மாதக் கடைசியில் சந்திரசேகரனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பதிவேட்டை முழுமையாக்கும் பொருட்டு, வாத்துகள் குடித்த அளவைத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்.

பரமநாதன் ஒரு கட்டம் போட்டார். அதற்குள் 'அளக்கப்படவில்லை' என்று எழுதி அனுப்பினார்.