பஞ்சர் கடை பாகப்பிரிவினை

எங்கள் பேண்டின் பெயர் 'பஞ்சர் கடை'. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். காளவாசலில் அருண்பாண்டியின் மாமா நடத்தும் பஞ்சர் கடைக்குப் பின்னால், தகர ஷெட்டில் பிறந்த பேண்டுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? கிதாரும் பாட்டும் முகமது யாசீன். பேஸ் கிதார் அருண்பாண்டி. டிரம்ஸ் பாண்டிமீனாவாகிய நான்.

அறுபதுகளில் வெள்ளைக்காரப் பையன்கள் கார் ஷெட்டில் நின்று கத்தினார்களே, அந்த மாதிரி ராக் எங்களுக்கு உயிர். அந்தக் கரகரப்புதான் எதில் வாசித்தும் வரவில்லை. யாசீனின் அத்தா மைக் செட் கடைக்காரர். பரணில் கிடந்த கூம்பு ஸ்பீக்கரை யாசீன் ஒருநாள் தூக்கிவந்து கிதாரை அதில் மாட்டினான். அடேயப்பா, அந்தச் சத்தம். டீக்கடையில் நின்றவர் கிளாஸோடு ஓடிவந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. அன்றைக்கே மூன்று பேரும் சேர்ந்து 'செருப்பு அந்துபோச்சு' பாட்டைப் போட்டோம். காளவாசல் சிக்னலில் என் செருப்பு அறுந்து, பஸ் டிரைவரிடம் திட்டு வாங்கிய கதைதான். வார்த்தை யாசீன், பேஸ் ஓட்டம் அருண்பாண்டி, ஆரம்பத்து அடி நான்.

அப்புறம் கேட்கவா வேண்டும். காலேஜ், கல்யாணம், கடை திறப்பு என்று போன இடமெல்லாம் ஜனங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு ரெக்கார்டிங் கம்பெனி கூப்பிட்டது. கூம்பை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். யாசீன் சரி என்றான். நான் அவனோடு பேச்சை நிறுத்தினேன். அருண்பாண்டி தூது போய்ப் போய் இளைத்தான்.

பிரிவது என்று ஆனபின், முன்பே ஒத்துக்கொண்டிருந்த கடைசிக் கச்சேரி, கொட்டாம்பட்டிப் பக்கம் ஓர் ஊர்த் திருவிழா. சாயங்காலம், பள்ளிக்கூடத் திடலில் மேடை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் யாசீன் என் பக்கம் திரும்பினான்.

"மீனா, பேண்டு போனாப் போகட்டும். செருப்புப் பாட்ட மட்டும் நான் எடுத்துக்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம். "எம்புட்டுத் திமிரு ஒனக்கு. அடி என்னோடது. நீ வெறும் வார்த்தையச் சொல்லிக்கிட்டுத் திரி."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. கூம்பு எங்கள் லட்சணத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. முன்வரிசையிலிருந்து முனியாயி என்ற அக்கா எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். அந்த ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம்.

"பிரியணும்னா முறையாப் பிரிங்கத்தா. மைக்குல எதுக்குச் சண்ட? என்னென்ன இருக்கு, சொல்லுங்க."

விளையாட்டு என்று நினைத்து அருண்பாண்டி ஒவ்வொரு பாட்டாகச் சொன்னான். அக்கா விளையாடவில்லை. மெதுவான பாட்டெல்லாம் யாசீனுக்கு. ஆட்டம் போட வைக்கிறதெல்லாம் எனக்கு. வார்த்தை இல்லாதது அருண்பாண்டிக்கு. கூம்பு அவர்கள் வீட்டுப் பொருள், ஆகவே யாசீனுக்கு. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "சரிதான்" என்றது.

"செருப்புப் பாட்டு?" என்றேன். அது போய்விட்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

"அதப் போட்டது ஆரு?"

"மூணு பேரும்க்கா," என்றான் யாசீன்.

"அப்ப அது கெணறு. நெலத்தப் பிரிக்கலாம், கெணத்துக்குள்ள செவரு எழுப்ப முடியுமா? பொதுவுல கெடக்கட்டும். தனியா ஆரும் எறைக்கப்படாது. வருசா வருசம் திருவிழாவுக்கு மூணு பேரும் வந்து இங்க பாடிட்டுப் போகணும். சம்மதமா?"

யாசீன் என்னைப் பார்த்தான். நான் குச்சியை எடுத்து ஆரம்பத்து அடியை அடித்தேன். திடலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள்.

மறுநாளிலிருந்து பேண்டு இல்லை. யாசீன் சென்னையில் மெதுவான பாட்டுப் பாடிப் பெயர் வாங்கிவிட்டான். அருண்பாண்டி மாமாவோடு டயர் கழற்றுகிறான். நான் புதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அடிக்கிறேன்.

இந்த வருடம் அந்தக் கம்பெனி செருப்புப் பாட்டைக் கேட்டதாம். "அது கெணறுங்க, நான் தனியா எறைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டானாம் யாசீன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அருண்பாண்டி சொல்லக் கேட்டு எனக்குத்தான் நெஞ்சு நிறைந்துபோனது.

திருவிழா அன்று கொட்டாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினான் யாசீன். தோளில் கூம்பு.

"என்னடா, செருப்பு புதுசா இருக்கு?" என்றேன்.

"அந்துபோகத்தான் வாங்குனேன்," என்றான்.