ஒரு கூடாரத்தில் இரண்டு சம்பந்திகள்

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறையில் குந்தி உட்கார்ந்து, தேய்ந்துபோன பிரேக் கட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மெக்கானிக்கின் கைப்பேசி அடித்தது. மகள்தான்.

“அப்பா, அவருக்குக் கணுக்கால் உடைஞ்சிடுச்சு.”

“மாப்பிள்ளைக்கா? எங்க விழுந்தாரு?”

“வீட்டு மாடிப்படியிலதான். முதுகுப்பையில பன்னெண்டு தண்ணி பாட்டில வச்சுக்கிட்டு ஏறி இறங்கிப் பழகிட்டு இருந்தாரு.”

மாப்பிள்ளை பழகியது மலை ஏறுவதற்காக. பஸ்ஸில் போய், ஜீப்பில் போய், அதற்கப்புறம் ஒரு வாரம் நடந்தால்தான் வந்து சேரும் ஒரு பெரிய மலையின் அடிவார முகாமுக்குப் போக, அவரும் மகளும் ஆறு மாதம் முன்பே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். கிளம்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது. கால் கட்டுப் பிரிக்கவே எட்டு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை ஆஸ்பத்திரி அறையில், தூக்கிக் கட்டியிருந்த காலுக்கு இந்தப் பக்கம் மெக்கானிக்கும் மனைவியும், அந்தப் பக்கம் சம்பந்தியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் மலை வரைந்தவர். நிஜ மலையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

மெக்கானிக்குக்கும் வாத்தியாருக்கும் பேச்சுவார்த்தை உண்டு. “வாங்க”, “சாப்பிட்டீங்களா”, “அப்ப கிளம்பறோம்.” இரண்டு வருடமாக இந்த மூன்றோடு சரி. காரணம், இரு குடும்பமும் முதன்முதலில் சந்தித்த அன்று மெக்கானிக் தன் தொழிலைச் சொன்னதும் வாத்தியார் கேட்ட ஒரு கேள்வி. “லிஃப்டை எல்லாம் நம்பி ஏற முடியுமா?” கேட்டுவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் அவர் தொண்டையிலேயே சிக்கியிருந்தது.

“நெருங்கின சொந்தமா இருந்தா பேரை மாத்தித் தருவாங்களாம்” என்றாள் மகள்.

அவ்வளவுதான், இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்ப நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்” என்றாள் மெக்கானிக்கின் மனைவி, காய்கறி வாங்கிவரச் சொல்வதுபோல. வாத்தியார் மறுப்பார் என்று மெக்கானிக் காத்திருந்தார். மெக்கானிக் மறுப்பார் என்று வாத்தியார் காத்திருந்தார். முதலில் மறுப்பவர் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுவாரே. ஒரு நிமிடம் கழிந்தது. “எனக்கு ஆட்சேபணை இல்ல” என்றார் வாத்தியார். “எனக்கும்தான்” என்றார் மெக்கானிக். பரிசோதனையிலாவது டாக்டர் தடுப்பார் என்று கடைசி நம்பிக்கை இருந்தது. டாக்டர் இருவருக்கும் முதுகில் தட்டிச் சான்றிதழ் கொடுத்தார்.

கூட்டத்தில் இவர்களையும் சேர்த்து ஏழு பேர். மற்ற ஐந்து பேரும் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். வழிகாட்டி ஒரு பெண். குறைவாகப் பேசுவாள், ஒருமுறைதான் சொல்வாள். “மெதுவா நடங்க. தண்ணி குடிங்க. தலை வலிச்சா மறைக்காதீங்க” என்றாள். அவளோடு ஓர் உதவி வழிகாட்டி, சாமான் சுமக்கக் கழுதைகள். சொந்தக்காரர்கள் என்பதால் சம்பந்திகள் இருவருக்கும் ஒரே கூடாரம்.

முதல் நாளே தொங்குபாலம் வந்தது.

“நீங்க முன்னால போங்க சம்பந்தி” என்றார் மெக்கானிக்.

“சேச்சே, நீங்க போங்க.”

“பெரியவங்க நீங்க இருக்கும்போது நானா?”

“பொண்ணு குடுத்தவங்க நீங்க. உங்களுக்கு முன்னால நான் போறதாவது?”

பின்னால் வந்த கழுதைகள் நின்றுவிட்டன. வழிகாட்டிப் பெண் வந்து, வாத்தியாரின் பையைப் பிடித்துப் பாலத்துக்குள் தள்ளினாள். அன்றிலிருந்து எல்லாப் பாலத்திலும் இதே கதைதான்.

மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது. முப்பத்து நான்கு வருடம் ஊரார் படி ஏறாமல் பார்த்துக்கொண்டவர், தானும் ஏறியதில்லை. ஆனால் அறுபத்து மூன்று வயது வாத்தியாரோ ஆட்டுக்குட்டி மாதிரி தாவிக்கொண்டு போனார். போனால் பரவாயில்லை, பேசிக்கொண்டே போனார். ஏன் இந்தப் பள்ளத்தாக்கு வளைந்திருக்கிறது, ஏன் இந்தப் பக்கம் மரமில்லை, பனியாறு எப்படிக் கல்லை அரைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறது, இந்தக் கற்குவியல் எல்லாம் யார் கொண்டுவந்து போட்டது. கேட்பதற்கு ஆள் தேடி அவர் அலையவில்லை. மூச்சு வாங்குகிறவன் குறுக்கே பேசமாட்டான் என்று கண்டுகொண்டு, மெக்கானிக்கின் பக்கத்திலேயே நடந்தார். ராத்திரி தூங்கும் பைக்குள் புகுந்து முகம் மட்டும் வெளியே தெரியப் படுத்த பிறகும், கூடாரத் துணியைப் பார்த்தபடி பனிப்பாறை வெடிப்பின் வகைகளைச் சொன்னார். மெக்கானிக் குறட்டை விட்டு நடித்தார். பலனில்லை.

தினமும் மாலையில் வழிகாட்டிப் பெண் எல்லோர் விரலிலும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஒரு கருவியை மாட்டிப் பார்ப்பாள். பிறகு கூடாரத்தில் கூட இருப்பவரைப் பற்றி ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டு ஒரு தாளில் குறிப்பாள்.

“அவருக்குத் தலைவலி இருக்கா?”

“எனக்குத்தான் இருக்கு. அவரால.”

“வழக்கத்துக்கு மாறா நடந்துக்கறாரா? நிறையப் பேசறாரா?”

“நிறையப் பேசறாரு. அது வழக்கத்துக்கு மாறு இல்ல.”

அவள் சிரிக்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலையில் வாத்தியார் பேசவில்லை.

கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார், பையை மாட்டினார், நடந்தார். முதல் ஒரு மணி நேரம் மெக்கானிக்குக்குச் சொர்க்கமாக இருந்தது. காற்றின் சத்தம் காதில் விழுந்தது. தூரத்தில் எங்கோ பனி சரியும் சத்தம்கூடக் கேட்டது. இந்த மலைக்கு இவ்வளவு சத்தங்கள் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஆளுக்குக் களைத்துவிட்டது, நல்லது, நன்றாகக் களைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது மணி நேரத்தில் அந்த அமைதி உறுத்த ஆரம்பித்தது. வழியில் ஒரு பனியேரி வந்தது. பச்சையும் நீலமும் கலந்த நிறம், விளக்கம் சொல்லியே தீரவேண்டிய நிறம். வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடுகிற மோட்டாரில் ஒரு சத்தம் குறைந்தால் மெக்கானிக்கின் காது உடனே விறைத்துக்கொள்ளும். தொழில் பழக்கம். இப்போதும் அப்படித்தான் ஆனது.

அவர் மெல்லப் பக்கத்தில் போனார். “சம்பந்தி, இந்தக் கல்லெல்லாம் மழைத்தண்ணி அடிச்சிட்டு வந்து போட்டதுதானே?”

பனியாறுதான் கொண்டுவந்தது என்று இதே ஆள் மூன்று நாளாக மண்டையில் ஆணி அடித்திருந்தார்.

“ம்” என்றார் வாத்தியார்.

மெக்கானிக் அவரை ஒட்டியே நடந்தார். இன்னும் பெரியதாக ஒன்றைப் போட்டுப் பார்த்தார்.

“எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சூரியன்தானே பூமியைச் சுத்துது?”

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். “ஆமா. சூரியன்தான் சுத்துது. காலைல இந்தப் பக்கம் வருது, சாயங்காலம் அந்தப் பக்கம் போகுது இல்ல?”

மெக்கானிக் கையிலிருந்த ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, முன்னால் போய்க்கொண்டிருந்த வழிகாட்டியை நோக்கி ஓடினார். அந்த உயரத்தில் யாரும் ஓடக்கூடாது. இருபதடி ஓடியதுமே கண் இருட்டியது. கையை மட்டும் ஆட்டினார். அவள் இறங்கி வந்தாள்.

“அவருக்கு என்னவோ ஆயிடுச்சு.”

“என்ன பண்றாரு?”

“நான் சொல்றதை ஒத்துக்கறாரு.”

அவள் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு வாத்தியாரிடம் போய், தரையில் குச்சியால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொன்னாள். முதல் அடி சரியாக விழுந்தது. இரண்டாம் அடி கோட்டைவிட்டுப் போனது. மூன்றாம் அடியில் அவள் தோளில் சாய்ந்தார். ராத்திரி முழுக்கத் தலை வலித்ததாம். பெண் வீட்டாருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று மறைத்துவிட்டாராம்.

“உயரம் ஒத்துக்கல. உடனே கீழ இறங்கணும்” என்றாள் வழிகாட்டி. “என் உதவியாளர் கூட்டிட்டுப் போவாரு. நீங்க எங்களோட வாங்க. பேஸ் கேம்ப் இன்னும் ரெண்டு மணி நேரம்தான்.”

மெக்கானிக் மேலே பார்த்தார். ஆறு நாள் நடந்த கால் அது, தானாகவே மேல்பக்கம் திரும்பியிருந்தது. வாத்தியார் ஒரு கல்லில் உட்கார்ந்து தன் கையுறையை ஷூவின்மேல் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் இறங்கறேன்” என்றார் மெக்கானிக்.

ஒரு பக்கம் உதவி வழிகாட்டி, மறுபக்கம் மெக்கானிக் என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் இறக்கினார்கள். பாதி வழியில் வாத்தியார் வாந்தி எடுத்தார். அதில் பெரும்பகுதி மெக்கானிக்கின் புது ஷூவில் விழுந்தது. “மன்னிச்சிடுங்க சம்பந்தி” என்றார். “அதனாலென்ன, நம்ம வீட்டு ஷூதானே” என்றார் மெக்கானிக். தொங்குபாலம் வந்தபோது யார் முன்னால் போவது என்ற பேச்சே எழவில்லை.

கீழ்க்கிராமத்தில் ஒரு சிறிய மருத்துவ நிலையம் இருந்தது. ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரு நர்ஸ். ஆக்சிஜனும் மாத்திரையும் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். மெக்கானிக் அடுத்த கட்டிலில் உட்கார்ந்து, மனைவிக்குப் போன் செய்யலாமா வேண்டாமா என்று யோசித்தே பொழுதைக் கழித்தார்.

மறுநாள் காலையில் வாத்தியார் கண் விழித்து, அடுத்த கட்டில் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தி. சூரியன் பூமியைச் சுத்துதுன்னு சொன்னேனா?”

“சொன்னீங்க.”

“யார் கிட்டயும் சொல்லிடாதீங்க. பென்ஷனை நிறுத்திடுவாங்க.”

மெக்கானிக் சிரித்தார். இரண்டு வருடத்துக்கு முந்தைய சிரிப்பைப் போல இது தொண்டையில் நிற்கவில்லை. சிரித்து முடித்ததும், அந்தப் பழைய விஷயத்தைக் கேட்டே விட்டார். “ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. முதல் நாள் எங்க வீட்டுல, லிஃப்டை நம்பி ஏற முடியுமான்னு ஏன் கேட்டீங்க? என் வேலை அவ்வளவு மட்டமா?”

வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார். முகம் மாறியது. “ஐயோ, அதை இத்தனை நாளா மனசுல வச்சிருந்தீங்களா? எனக்கு லிஃப்டுன்னா பயம் சம்பந்தி. இருபது வருஷத்துக்கு முன்னால ஒரு ஆபீஸ்ல ஏழாவது மாடி கிட்ட கடகடன்னு ஒரு ஆட்டம் ஆடி நின்னுடுச்சு. ரெண்டு மணி நேரம் உள்ளயே மாட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் ஏறினதே இல்ல. எங்க போனாலும் படிதான். உங்க கிட்ட எப்படிச் சொல்றது? சும்மா சிரிச்சு மழுப்பினேன்.”

வாத்தியார் ஏன் ஆட்டுக்குட்டி மாதிரி மலை ஏறினார் என்பது மெக்கானிக்குக்கு அப்போதுதான் விளங்கியது.

“ஆட்டம் ஆடி நின்னுச்சா? இல்ல, வழுக்கிட்டுக் கொஞ்சம் இறங்கி நின்னுச்சா?”

“கொஞ்சம் இறங்கிச்சு. அப்புறம் டப்புன்னு பிடிச்ச மாதிரி.”

“பிடிச்ச மாதிரி இல்ல, பிடிச்சதுதான். வேகம் கூடினா ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விக்கற மாதிரி ஒரு பிடி இருக்கு. அது உங்களை மாட்டி வைக்கல சம்பந்தி. விழாம தாங்கிச்சு.”

பிறகு மெக்கானிக் ஒன்றரை மணி நேரம் பேசினார். கம்பிவடம், எதிர் எடை, பிரேக், கதவுப் பூட்டு. நர்ஸின் காகிதத்தில் படம்கூடப் போட்டுக் காட்டினார். வாத்தியார் வாயைத் திறக்காமல் கேட்டார். இடையில் ஒருமுறை மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்து, “தலை வலிக்கலையே?” என்று கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு, மழை வந்தால் என்று ஒதுக்கியிருந்த நாட்கள் இன்னும் மிச்சம் இருந்ததாலும், நர்ஸ் கோடு கிழித்து நடக்கவைத்துப் பார்த்துச் சம்மதித்ததாலும், உதவி வழிகாட்டி இருவரையும் மறுபடி மேலே கூட்டிப்போனார். இந்தத் தடவை பத்தடிக்கு ஒருமுறை நின்றார்கள். நின்ற இடமெல்லாம் வாத்தியார் பேசினார். அவர் பேசப்பேச மெக்கானிக்குக்குத் தெம்பு வந்தது.

கிளம்பிய மூன்றாம் நாள் மதியம் அடிவார முகாம் வந்தது. சாம்பல் நிறக் கற்கள், பத்துப் பதினைந்து மஞ்சள் கூடாரங்கள், ஒரு பலகை. மெக்கானிக் நாலாபக்கமும் சுற்றிப் பார்த்தார்.

“மலை எங்க?”

உதவி வழிகாட்டி எதிரே நின்ற ஒரு கருத்த மேட்டைக் காட்டினார். “அதுக்குப் பின்னால. இங்கேயிருந்து தெரியாது. அந்த மேட்டு மேல ஒரு மணி நேரம் ஏறினா நல்லாத் தெரியும்.”

மெக்கானிக் மெதுவாகச் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். “இது உங்களுக்குத் தெரியுமா?”

“வரைபடத்துல பார்த்தேன்” என்றார் வாத்தியார், கையுறையைத் தட்டிவிட்டபடி. “கீழ ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருந்தா நீங்க மறுபடி ஏறியிருக்க மாட்டீங்களே. தனியா வர எனக்குப் பயம்.”

மெக்கானிக் அந்த மேட்டைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டையான கல்லைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். “என்னால முடியாது சம்பந்தி. நீங்க போறதுன்னா போய்ப் பார்த்துட்டு வாங்க.”

“அப்பாடா” என்று வாத்தியாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். “நீங்க சொல்லுவீங்களான்னுதான் பார்த்துட்டு இருந்தேன்.”

உதவி வழிகாட்டி குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வாத்தியார் ஒரு பிஸ்கட்டை எடுத்து, அந்த மேட்டுக்குப் பின்னால் மலை எப்படி இருக்கும், எந்தப் பக்கம் சரிவு, எங்கே பனி தொங்கும் என்று காற்றில் வரைந்து காட்ட ஆரம்பித்தார். மெக்கானிக் தேநீரை ஊதிக் குடித்தபடி, அவர் விரல் போன திசையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.