ஒரு மாதச் சாமான்

காலை ஐந்தரைக்கு எழுந்தான். போர்வையை மடித்தான். பற்பசைக் குழாயை அடியிலிருந்து உருட்டி, பிரஷ்ஷில் ஒரு பயறு அளவு எடுத்தான். பழைய சோப்புத் துண்டு முதுகில் ஒட்டிய புது சோப்பைப் போட்டுக் குளித்தான். பால் இல்லாமல் தேநீர் போட்டுக் குடித்தான். பிறகு அலுவலகப் பையிலிருந்து பித்தளை எடைக்கற்களை எடுத்து, சர்க்கரை டப்பாவைத் தராசில் வைத்தான். எழுநூற்று நாற்பது கிராம். நேற்றும் அதேதான். அவன் மனைவி இறந்து இரண்டு வருடமும் ஏழு மாதமும் ஆகின்றன. அவள் கடைசியாக வாங்கிப் போட்ட ஒரு மாதச் சாமான் இன்னும் தீரவில்லை.

எடையளவு அலுவலகத்தில் அவனுக்கு வேலை. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்த வேண்டும். கடைக்காரர்கள் அவனை முத்திரைக்காரர் என்பார்கள். அவளை அவன் முதலில் பார்த்ததே ஒரு தராசின் முன்னால்தான். கால் கிலோவில் பத்து கிராம் குறைகிறது என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவன் சோதித்துப் பார்த்தான். பன்னிரண்டு கிராம் குறைந்தது. அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

மூன்று கடை ஏறி இறங்காமல் அவள் ஒரு துணிசோப்புகூட வாங்கமாட்டாள். மூட்டை கிழிந்து கொட்டிய அரிசி, நசுங்கிய டப்பா, உடைந்த பிஸ்கட் எல்லாம் எந்தக் கடையில் எந்தக் கிழமை ஒதுக்கி வைக்கப்படும் என்பது அவளுக்கு மனப்பாடம். சந்தைக்குக் கடை கட்டும் நேரம் பார்த்துத்தான் போவாள். சாக்கைச் சுருட்டுகிற கை விலையையும் இறக்கும் என்பாள். பெரிய பொட்டலம் வாங்கினால் லாபம் என்று எழுதிப் போட்டிருந்தால், நின்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சின்னதாக இரண்டு வாங்கி வருவாள். வீட்டில் எண்ணெய்ப் பாட்டில் கடைசிச் சொட்டுவரை தலைகீழாக நிற்கும். எதற்கு இவ்வளவு மிச்சம் பிடிக்கிறாய் என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்பாள். முப்பது நாள் சாமான் நாற்பது நாள் வந்தது. அவன் அதை அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னான். மற்றவர்கள் தங்கள் வீட்டில் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலை ஒன்று, இரவு ஒன்று என்று வெள்ளை மாத்திரை. கல்யாணமான நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. கடைசி வருடத்தில் மாத்திரையும் நாற்பது நாள், ஐம்பது நாள், அறுபது நாள் என்று நீள ஆரம்பித்தது. மருந்துச் செலவு பாதியானதை அவன் கவனித்தான். விலை குறைந்த கடையாகப் பார்த்துப் பிடித்திருப்பாள் என்று நினைத்தான். கெட்டிக்காரி என்றும் நினைத்தான்.

ஒரு புதன்கிழமை ஆறு மணிக்கு அவன் வீடு திரும்பியபோது அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். வலிப்பு வருவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்திருந்தாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்டார். சாப்பிட்டாள் என்றான். அப்போது அது பொய் என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த வாரம் சர்க்கரை எடுக்கும்போது டப்பாவின் அடியில் கரண்டி எதிலோ இடித்தது. கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்று, மடித்து ரப்பர் போட்டிருந்தது. உள்ளே முப்பத்தொரு அரை மாத்திரை. பிளேடால் வெட்டியவை. ஒவ்வொன்றும் நேர்பாதி.

சாமான் தீராததை நான்காவது மாதம்தான் கண்டுபிடித்தான். அதுவரை கையில் கிடைத்ததைப் பொங்கித் தின்றுகொண்டிருந்தான். எடை போட்டுப் பார்த்தான். அரிசி ஏழு கிலோ, பருப்பு ஒன்றே கால், எண்ணெய் பாட்டிலில் இரண்டு விரல். கூடையில் நான்கு உருளைக்கிழங்கு, இரண்டு வெங்காயம். பொழுது சாய்வதற்குள் குறையும். விடிந்தால் பழையபடி இருக்கும். தராசில்தான் கோளாறு என்று அலுவலகத் தராசைக் கொண்டுவந்தான். அதுவும் அதையே சொன்னது. ஒரு கிலோ அரிசியைப் புறாவுக்குப் போட்டான். எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினான். அந்த மாத்திரைக் கவரையும் வீசிவிட்டு வந்தான். மறுநாள் காலையில் ஏழு கிலோ, இரண்டு விரல், முப்பத்தொன்று.

தெருவுக்கு இது தெரிந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தினமும் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்று வாங்கினார். திருப்பித் தருவதை அவராகவே விட்டுவிட்டார். வெளியே போன சர்க்கரை எல்லாச் சர்க்கரையையும் போலத் தீர்ந்தது. மளிகைச் செலவுதான் இல்லையே என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். மளிகைக் கடைக்காரர் மட்டும் மனசு கேட்காமல், "ஒரு தீப்பெட்டியாவது வாங்குங்க சார், கண்ணுல பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றார். சொன்ன வாயோடு, "கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முத்திரைக்காரன் தராசைச் சோதித்து முத்திரை குத்திவிட்டு நகர்ந்தான். அந்தக் கடையில் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் அவன் எதுவும் வாங்குவதில்லை.

மாமியார் வேறு ஊரில் தனியாக இருந்தார். அவருக்கு ஒரே மகள். அவள் இறந்த அன்று வந்து உட்கார்ந்ததும் கேட்டது, "கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?" என்பதுதான். "உங்களைத்தான் கேட்டா அத்தை" என்றான். ஆறு மாதம் கழித்து போனில் மறுபடி கேட்டார். எதுவும் வலிக்கலைன்னு சொன்னா என்றான். அடுத்த வருடம் மூன்றாவது தடவை கேட்டபோது வேறு எதுவும் தோன்றாமல், "உங்க கண்ணைக் காட்டச் சொன்னா" என்று சொல்லிவைத்தான். செலவுக்குப் பயந்து ஐந்து வருடமாகக் கண்புரையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர், மகளின் கடைசி வார்த்தை என்று வளையலை விற்று இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். அவர் வரும்போதெல்லாம் அவனே முந்திக்கொண்டு தேநீர் போட்டுவிடுவான். சமையலறைக்குள் அவரை விட்டதில்லை. கவர் அவர் கண்ணில் படக்கூடாது. மகள் மாத்திரை சாப்பிட்டும் போய்விட்டாள் என்றால் அது விதி. சாப்பிடாமல் போனாள், அதைப் பார்த்துக்கொண்டே இவன் பெருமை பேசினான் என்றால் அதற்கு வேறு பெயர்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை லிட்டர் பாலோடு வந்து நின்றார். "வெறும் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு மூஞ்சி எப்படி ஆயிருக்கு பாருங்க" என்று நேராக அடுப்படிக்குப் போனார்.

"நான் போடறேன் அத்தை."

"நீங்க உட்காருங்க. இப்பத்தான் எனக்கு உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியுது."

அவன் எழுந்து வாசல்படிவரை போவதற்குள் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டது. மாமியார் கவரைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்ணவில்லை. ஒரு பாதியை எடுத்து விரலால் வெட்டுவாயைத் தடவினார். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"செத்தப்புறம் தெரியும். அதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். செலவு பாதியாச்சு. சந்தோஷப்பட்டேன்."

திட்டுவார் என்று அவன் நின்றான். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஒம்பது வயசுல வந்துச்சு அவளுக்கு" என்றார் மாமியார். "அவ அப்பா போனப்புறம் கையில காசு கிடையாது. மூணு மாசம் நான்தான் பாதியா உடைச்சு உடைச்சுக் குடுத்தேன். கல்லு மாதிரி இருந்தா, ஒண்ணும் ஆகல. அதை ஞாபகம் வெச்சிருந்திருக்கா." பிறகு, "நான் பல்லுல கடிச்சு உடைப்பேன். கோணலா வரும். இவ எவ்வளவு நேரா வெட்டியிருக்கா பாருங்க" என்றார். அப்போதுதான் அழுதார்.

தேநீரைக் குடித்தார்கள். மாமியார் கொண்டுவந்த பால் அன்றே தீர்ந்தது. மற்றது எதுவும் தீரவில்லை, இன்றுவரை தீரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது மாமியார் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். வெளியே போனால் தீர்ந்துவிடும் என்று அவன் சொன்னான். பரவாயில்லை, தீர்ந்தா மறுபடி வர்றேன் என்றார். அப்படியே மாதம் ஒருமுறை வந்து போகிறார். அன்று கவரை அவரே மடித்து, ரப்பர் போட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார். முத்திரைக்காரன் காலையில் எழுகிறான், எடை போடுகிறான், எழுநூற்று நாற்பது என்று பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறான். முத்திரை குத்துகிறான். வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளரைக் கீழே வைத்ததும் மாமியார், "மூணு தடவை கேட்டேன், மூணு விதமா சொன்னீங்க. நிஜமா என்னதான் சொன்னா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை அவன் நடந்ததைச் சொன்னான். புதன்கிழமை நான்கு மணிக்கு அலுவலகத்திலிருந்து போன் செய்தான். மருந்துக் கடை வழியாகத்தான் வருகிறேன், மாத்திரை வாங்க வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். அந்தப் பக்கம் ஏதோ ஒரு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. அவள் சொன்னாள்:

"எல்லாம் இருக்கு. நீங்க ஒண்ணும் வாங்கிட்டு வராதீங்க."